எலெக்ட்ரானுக்கு மழை தெரியுமா?

மாண்புமிகு என்று அழைக்க இங்கே அமைச்சர் யாரும் வரவில்லை. மனமார அழைக்க மனிதர்கள் வந்திருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியோடு தொடங்குகிறேன்.

ஐந்து மணிக் கூட்டத்தை ஐந்தே முக்காலுக்காவது தொடங்கி வைத்த ஆலயத் தலைவர், அவையின் தலைவர், அண்ணன் விக்னேஸ்வரன் அவர்களே! வெள்ளைச் சட்டையும் விறைத்த முகமுமாக என் இடப்பக்கம் வீற்றிருக்கும், முப்பது ஆண்டுகளாக முனைவர்களை உருவாக்கி வரும் பேராசிரியர் தேவதாசன் அவர்களே! அலோர் ஸ்டாரிலிருந்து அதிகாலையிலேயே பேருந்து ஏறிய பெரியோர்களே! கோத்தா கோலா மூடாவிலிருந்து காற்றைக் கிழித்து மோட்டார் சைக்கிளில் வந்த தம்பிமார்களே! செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கால் கடுக்க நின்று, இன்று ஒருநாள் கால் நீட்டி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்குள்ளே முதல் வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் குணவதி அக்கா அவர்களே! அக்கா, நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை, அதற்குள் அழுதால் எப்படி? அந்தக் குணவதி அக்கா பெற்ற மகளாக, இந்த ஆலயத் தெருவின் முதல் இயற்பியல் முனைவராக, மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கூச்சத்தில் நெளியும் தங்கை ரூபினி அவர்களே! லூனாஸ் மண்ணின் மக்களே! உங்கள் அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் தணி. தைப்பூசத்தில் நான் கத்துவது வேறு, இது வேறு.

என்னை உங்களுக்குத் தெரியும். மு. தர்மலிங்கம். திருவிழா என்றால் ஒலிபெருக்கி, கூட்டம் என்றால் நன்றியுரை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் நான் என்ன செய்கிறேன் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் தேவதாசன் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தேழு ஆண்டுகளாக நான் உதவியாளன். அவர் சிந்திப்பார், மாணவர்கள் எழுதுவார்கள், நான் குழாய் தூக்குவேன், பம்பு துடைப்பேன், கம்பி பற்றவைப்பேன். அந்தக் கூடத்தில்தான் ரூபினி நான்கரை ஆண்டுகள் பாடுபட்டாள்.

நல்ல செய்தி உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்ற மாதம் வாய்மொழித் தேர்வில் அவள் தேறிவிட்டாள். சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்து வருகிற வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தால், டாக்டர் ரூபினி! அப்பாடா! எல்லாரும் ஒரு தடவை சொல்லுங்கள் பார்க்கலாம், அப்பாடா! இன்னும் சத்தமாக! குணவதி அக்கா, நீங்களும்தான்!

ஏன் இந்த அப்பாடா? பட்டம் கிடைத்தால் வாழ்க என்பார்கள், வளர்க என்பார்கள், அப்பாடா என்று யாராவது சொல்வார்களா? நான் சொல்வேன். ஐந்து மாதமாக என் நெஞ்சில் ஒரு கல் கிடக்கிறது. போன டிசம்பரில் இந்த லூனாஸ் பாசாரிலே என்ன பேசினீர்கள்? "குணவதி மவ மெஷின கெடுத்துட்டாளாம். இனிமே டாக்டராவது ஒண்ணாவது." பேசினீர்களா இல்லையா? தலையைக் குனியாதீர்கள், நானும் அந்தக் கூட்டத்தில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். காதில் விழுந்தது. வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

முதலில், அந்தப் பிள்ளை எதை ஆராய்ந்தாள்? மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் எலெக்ட்ரான்களின் குவாண்டம் இயக்கம்.

யார் அது பின்னால்? "அண்ணே, தமிழ்ல சொல்லுங்க லா!" என்கிறாரே! தமிழில்தானப்பா சொன்னேன். சரி, வீட்டுத் தமிழில் சொல்கிறேன்.

மின்சாரம் என்பது என்ன? எலெக்ட்ரான் என்னும் எண்ணற்ற சிறுசுகள் ஒரே திசையில் ஓடுவது. மின்புலம் பின்னாலிருந்து தள்ளும், அவை நேராக ஓடும். இந்த மண்டபத்தில் சாப்பாடு என்று அறிவித்தால் நீங்கள் எல்லாரும் நேராகப் பந்திக்கு ஓடுவீர்களே, அந்த மாதிரி. மீஹூன் இன்னும் ஆகவில்லை, உட்காருங்கள்! இப்போது அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு காந்தத்தை வைத்தால்? காந்தம் தடுக்காது; பக்கவாட்டில் இடிக்கும். எப்பக்கம் திரும்பி ஓடினாலும் அதற்குப் பக்கவாட்டில் இடிக்கும். இடிக்க இடிக்க எலெக்ட்ரான் வளையும். வளைந்து வளைந்து வட்டமடிக்கும். இதுவரைக்கும் பள்ளிக்கூடப் பாடம்.

இனிமேல்தான் அதிசயம். எலெக்ட்ரான்களை ஒரு தாளைவிட மெல்லிய தளத்திலே அடைத்துவைத்து, பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று எழுபத்தொரு டிகிரிக்குக் குளிரவைத்து, சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிற அளவுக்குக் காந்தத்தை ஏற்றினால் என்ன ஆகும்? எலெக்ட்ரான் நினைத்தபடி சுற்ற முடியாது! இந்த ஆற்றலோடு சுற்றலாம், அந்த ஆற்றலோடு சுற்றலாம், இரண்டுக்கும் நடுவில் சுற்றவே கூடாது. கோயில் படிக்கட்டில் முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம்; ஒன்றரைப் படியில் யாராவது நிற்க முடியுமா? முடியாது! குவாண்டம் என்றால் இந்தப் படிக்கட்டுதான்.

நடுவிலே இருக்கிற எலெக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓரத்தில் இருப்பவை மட்டும் சுவரில் மோதி மோதி, ஒரே திசையில், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும். வழியில் அழுக்கு இருக்கட்டும், பள்ளம் இருக்கட்டும், பின்வாங்காது. அப்போது பக்கவாட்டு மின்தடையை அளந்தால், காந்தத்தை ஏற்ற ஏற்ற அது சரிவாக ஏறாது. தட்டையாக நிற்கும், தாவும், மறுபடி தட்டையாக நிற்கும். அந்தத் தட்டைகளில் ஒன்றின் அளவு பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு ஓம், கொஞ்சம் சில்லறை. இந்த எண்ணை ஜப்பானில் அளந்தாலும் இதுதான், ஜெர்மனியில் அளந்தாலும் இதுதான், நம் கடாரத்துக் குணவதி அக்கா மகள் அளந்தாலும் இதுதான்! அந்த எண்ணுக்கு ஊர் உண்டா? உறவு உண்டா? உயர்ந்தவன் தாழ்ந்தவன் உண்டா? கிடையாது! அதனால்தான் எனக்கு அதை அத்தனை பிடிக்கும்.

ஆனால் போன அக்டோபரில் ரூபினி அளந்தபோது அந்த எண் வரவில்லை.

பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று இருபது வந்தது. மறுநாள் எண்ணூற்று எண்பது. அதற்கு அடுத்த வாரம் மறுபடி இறங்கியது. பேராசிரியர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் பேசுவது உங்களுக்கே தெரியும், யாழ்ப்பாணத்துத் தாத்தன் பாட்டன் பேச்சை மூன்று தலைமுறையாக விடாதவர். "பிள்ளை, இது நீரும் நானும் தீர்மானிக்கிற எண் இல்லை. உம்மட எண் குறையுது எண்டால், பிழை எலெக்ட்ரான்ல இல்லை, உம்மட கையில. கண்டுபிடியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கண்டுபிடிக்கக் காலம் வேண்டாமா? குளிரவைக்கிற திரவ ஹீலியம் ஆண்டுக்கு இரண்டு தடவைதான் லாரியில் வரும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கலன். பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்த காலம் டிசம்பரோடு முடிகிறது. கலனும் தீர்ந்து காலமும் தீர்ந்தால், நான்கரை ஆண்டு உழைப்பும் தீர்ந்தது. வீட்டில் அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரண்டு வேளை வேலை பார்த்துப் படிக்கவைத்த பிள்ளை. வேறொருத்தராக இருந்தால் என்ன செய்திருப்பார்? எல்லா எண்ணையும் ஒரு சின்னப் பெருக்கல் போட்டு உயர்த்திவிட்டால் போயிற்று, கோடு அழகாகச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு ஆசை காட்டியவனும் நான்தான். "கொஞ்சம் தூக்கிப் போட்டுரு தங்கச்சி, யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். "எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

ஒருநாள் காலையில் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, முந்தாநாளு மழையா?"

"கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சே, ஏன்?"

"போன செவ்வாக்கெழம?"

"அன்னிக்கு நல்ல வெயிலு. ஏர்கோன் வேற ரெண்டு நாளா நிக்காம ஓடுச்சு."

"மழ பெஞ்சா எண்ணு எறங்குதுண்ணே. காஞ்சா ஏறுது. நான் ஒரு மாசத்துக்கும் எழுதிப் பாத்துட்டேன்."

"அதனால என்ன?"

"எலெக்ட்ரான் இருக்கறது ஹீலியம் ஊத்தற அந்தக் குழாய்க்குள்ள, அவ்வளவு குளிர்ல, காத்துகூட இல்லாத எடத்துல. வெளிய குலிம் டவுன்ல மழ பெய்யறது அதுக்கு எப்படிண்ணே தெரியும்?"

கேட்டீர்களா கேள்வியை! எலெக்ட்ரானுக்கு மழை தெரியுமா? ஈரம் தெரியுமா? இடி தெரியுமா? தெரியாது! அப்படியென்றால் குற்றம் குழாய்க்குள்ளே இல்லை, குழாய்க்கு வெளியே, ஈரம் படுகிற இடத்தில் இருக்கிறது. நான்கு சுவருக்குள் உட்கார்ந்து, வானத்தைக் கேட்டு விடை கண்ட பிள்ளை இவள்! கைதட்டுங்கள், இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டப் போகிறீர்கள்?

உடனே திருப்புளியை எடுத்தாள். குழாயின் உச்சியில் ஒரு சின்ன இணைப்புப் பெட்டி உண்டு. உள்ளிருந்து வருகிற கம்பிகள் அங்கேதான் வெளியே வரும். இரண்டு ஊசிகள், நடுவிலே ஒரு வெள்ளை வட்டு. பெட்டியைக் கழற்றி உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். ஊசியின் வேரைச் சுற்றி இடுக்கிலே மஞ்சளாக ஒரு கோடு. என்னது என்று தெரியவில்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

சந்தனம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலாமாக்! அந்தச் சந்தனத்தை வைத்தவன் வேறு யார்? இந்த மேடையில் நின்று சொல்மழை பொழிகிற இந்தத் தர்மலிங்கம்தான்!

ஆயுத பூஜை, ஐயா! அரிவாளுக்கு வைக்கிறோம், ஓட்டுகிற கெரேத்தாவுக்கு வைக்கிறோம், அரைக்கிற மெஷினுக்கு வைக்கிறோம். இருபத்தேழு ஆண்டு எனக்குச் சோறு போட்ட கருவிகளுக்கு வைக்காமல் இருப்பேனா? பேராசிரியர் கோலாலம்பூருக்குப் போன நாளாகப் பார்த்து, பம்புக்கு ஒரு பொட்டு, காந்தத்துக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்தேன். அந்தப் பெட்டியைப் பார்த்தேன். இரண்டு ஊசி, இரண்டு கண் மாதிரி. நடுவிலே வெள்ளையாக ஒரு நெற்றி. பொட்டு வைக்காமல் விட மனம் வருமா? குழைத்த சந்தனத்தை அழுத்தி வைத்தேன், மேலே குங்குமம் வைத்தேன், கற்பூரம் காட்டினேன். மறுநாள் துணியால் துடைத்தேன். பார்வைக்குத் துடைத்தேன், இடுக்கில் இருந்தது இருந்தபடியே இருந்துவிட்டது. மழை நாளில் அது ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் ஒரு ஊசியிலிருந்து மறு ஊசிக்கு மின்சாரம் அந்தப் பொட்டு வழியே கசியும். கசிந்தால் எண் குறையும். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டு வைத்த பொட்டு, அந்தப் பிள்ளையின் பட்டத்தையே குடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார். "யார் இதைப் பூசினது?" என்றார்.

நான் வாயைத் திறக்க வேண்டியவன். திறக்கவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு முந்திய ஆண்டுதான் ஹீலியம் கலன் வந்த தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தரையெல்லாம் சாறாக்கி, எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். இன்னொரு தடவை என்றால் ஆய்வுக்கூடத்தை விட்டு மாற்றிவிடுவோம் என்று எழுதியிருந்தது. ஓய்வு பெற நான்கு ஆண்டு இருக்கிறது. பயந்தேன், ஐயா. வேறு சொல்ல ஒன்றுமில்லை, பயந்தேன்.

ரூபினி சொன்னாள், "நான்தான் சார் வச்சேன். சரஸ்வதி பூஜைக்கு."

பேராசிரியர் முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் தனியாகக் கருவியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நான்கரை ஆண்டு அந்தக் கருவியைக் குழந்தையாகப் பார்த்துக்கொண்டவளுக்கு அந்தத் தண்டனை! அந்தச் செய்திதான் அங்கே இங்கே கசிந்து, லூனாஸ் பாசாரில் "மெஷின கெடுத்துட்டா" என்று ஆனது. குணவதி அக்கா இரண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்கே வரவில்லை. நான் மட்டும் வந்தேன். ஒலிபெருக்கியும் பிடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

அன்று அவளைத் தனியாகப் பிடித்து, "ஏம்மா இப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "ஒங்கள மாத்திட்டா அந்தப் பம்ப யாருண்ணே பாப்பாங்க? அது ஒங்க பேச்ச மட்டுந்தான் கேக்குது. விடுங்க லா" என்றாள்.

பெட்டியைச் சாராயத்தால் கழுவினோம். பயப்படாதீர்கள், குடிக்கிற சாராயம் இல்லை. பஞ்சு வைத்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி கழுவினோம். டிசம்பர் பத்தாம் தேதி காலை, கடைசிக் கலனைத் திறந்தோம். வெள்ளைப் புகை தரையில் உருண்டது. குளிர்ந்தது. காந்தம் ஏறியது. திரையிலே கோடு ஏறியது, ஏறியது, ஏறி ஒரு இடத்தில் தட்டையாக நின்றது. பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு!

அவள் கத்தவில்லை. "பொறுங்கண்ணே" என்றாள். வெளியே மழைக்காகக் காத்திருந்தாள்! பகல் இரண்டு மணிக்குப் பிடித்தது பாருங்கள் ஒரு மழை, கூரை கிழிகிற மாதிரி. சன்னலைத் திறந்துவிடச் சொன்னாள். ஈரக்காற்று அறை முழுக்க அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். எண் அசையவில்லை. அப்போதுதான் அந்தப் பிள்ளை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதது. நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

சென்ற மாதத் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டாராம். "தவறான வரைபடத்தையும் ஏட்டில் ஏன் சேர்த்திருக்கிறாய்?" அவள் சொன்னாளாம், "அது தவறாக வந்ததால்தான் சரியானதை நம்ப முடிந்தது." தேர்வாளர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாராம். தேறினாள்! அப்பாடா!

தாய்மார்களே, பெரியோர்களே! நானும் அந்த ஏட்டை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும். இருநூற்றுப் பதினான்கு பக்கம். எண் எண்ணாகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அவள் அளந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தது, அத்தனையும் உண்மை. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கே ஒரு வரி. "இணைப்புப் பெட்டியில் இந்நூலின் ஆசிரியர் பூசிய சந்தனத்தால் கசிவு ஏற்பட்டது."

எண்ணில் ஓர் இம்மியும் பொய் சொல்லாத பிள்ளை, எனக்காக அந்த ஒரு வரியில் பொய் எழுதியிருக்கிறாள். ஊர் பழித்தபோதும் வாய் திறக்காமல், உலகம் படிக்கிற ஏட்டிலும் பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். இதை நான் விடலாமா? விட்டுவிட்டு இந்த மேடையில் நின்று வாழ்க என்று சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள்!

முந்தாநாள் பேராசிரியர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றுங்கள், விரட்டுங்கள், எதுவானாலும் சரி என்றேன். பேராசிரியர் சொன்னார், "எண் பிழையெண்டால் திருத்துறம். பேர் பிழையெண்டாலும் திருத்தத்தானே வேணும், தர்மலிங்கம். அந்தப் பிள்ளையிட்ட சொல்லும்." அவ்வளவுதான் சொன்னார். என் மாற்றல் கடிதம் இன்னும் வரவில்லை, வந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே லூனாஸ் மக்களே, உங்கள் அனைவர் முன்னாலும் உரக்கச் சொல்கிறேன். குணவதி மகள் கருவியைக் கெடுக்கவில்லை! கெடுத்தவன் நான்! கண்டுபிடித்தவள் அவள்! பாசாரில் பேசிய வாய்கள் நாளைக்கு இதையும் பேசட்டும். அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள். எழுந்திருக்காதீர்கள் அக்கா, நானே கீழே இறங்கி வருகிறேன், முதலில் இதை முடித்துவிடுகிறேன்.

ரூபினி, மேசையில் உன் ஏடு இருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். பேராசிரியர் ஐயா, உங்கள் பேனாவைக் கொடுங்கள்.

"வேணாம்ணே, அது திருத்தப் பட்டியல்லயே இல்ல லா" என்கிறாள். சேர்த்துக்கொள் தங்கச்சி! இருபத்தேழு ஆண்டில் அந்தக் கூடத்திலிருந்து எத்தனையோ கட்டுரை போயிருக்கிறது, எத்தனையோ முனைவர்கள் போயிருக்கிறார்கள். எதிலும் என் பெயர் வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. இன்றைக்கு முதல் தடவையாகக் கேட்கிறேன். நன்றி சொல்கிற பக்கத்தில் வேண்டாம், அந்த வரியில் எழுது. தவறு செய்தவன் பெயர் என்ன என்று கேட்டால், அது உண்மையாக இருக்கட்டும்.

குணவதி அக்கா, நீங்களாவது சொல்லுங்கள்.

"எழுதும்மா" என்கிறார்கள். அம்மா சொல்லிவிட்டார்கள், அப்புறம் என்ன?

தம்பி, அந்த விளக்கை மேசைப் பக்கம் திருப்பு. பிள்ளை பேனாவை எடுத்துவிட்டாள். எல்லாரும் கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

எழுதிவிட்டாள்! எழுதிவிட்டாள், ஐயா, எழுதிவிட்டாள்!

அவைத் தலைவருக்கும், பேனா தந்த பேராசிரியருக்கும், பொறுமையோடு என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. டாக்டர் ரூபினிக்கு என் வணக்கம்.